பிச்சைக்கண்ணுவின் காது

வண்ணார்பேட்டை பைபாஸில் டீசல் வண்டி வைத்துப் பிழைத்தவர்களிடம் போய் மெக்கானிக் பிச்சைக்கண்ணு எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். காது அண்ணாச்சி என்று கேட்க வேண்டும். உடனே ஷெட் வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு பேர் அவருக்கு. இரண்டடி நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தார். ஓடுகிற எஞ்சினில் அதன் முனையை ஊன்றி, மரப்பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சைக்கூடப் பைய விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இடது கையில் விரல் நிமிரும். ஒரு விரல் என்றால் ஒன்றாம் சிலிண்டர், மூன்று என்றால் மூன்றாம் சிலிண்டர். பிரித்துப் பார்த்தால் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஏரலில் இருந்தும் களக்காட்டில் இருந்தும் லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து அந்த விரலுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

காது அப்படி என்றால் வாய் அதற்கும் மேலே. இன்னொருத்தன் பார்த்துக் கெடுத்த வண்டி என்று தெரிந்துவிட்டால் போதும். அந்த மெக்கானிக்கை ஆள் விட்டுக் கூப்பிட்டு, நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி வைத்து, "கழுதைக்குங்கூட ரெண்டு காது இருக்குலே, அது என்ன எஞ்சினா பாக்குது?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஐயம்பெருமாள் என்று ஒருவன், நல்ல வேலைக்காரன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பைபாஸ் பக்கமே தலைகாட்டவில்லை, டவுனில் சைக்கிள் கடை வைத்துவிட்டான். "சைக்கிளுக்குக் காது வேண்டாம் பாத்தீரா" என்று அதையும் சொல்லிச் சொல்லி இன்னும் பத்துப் பேரைச் சிரிக்க வைத்தார் மனுஷன்.

அந்தக் காது போக ஆரம்பித்தது சில்வண்டில்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளித்துவிட்டு, மனைவி வடிவம்மாளோடு மரத்தடியில் துணியைக் காயப்போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னட்டி, இந்த வருசம் சில்வண்டே இல்ல? மழை பொய்ச்சிட்டோ?" என்று கேட்டார். வடிவம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பேசுவது அவளுக்கே கேட்காத அளவுக்குத் தலைக்கு மேலே மரம் பூராவும் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது.

"காதைக் கிழிக்குதே, உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள்.

"கேக்கு, கேக்கு" என்று சொல்லிவிட்டு, காயாத வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

முப்பத்தைந்து வருஷம் சைலன்சர் கழற்றின எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் வேறு என்ன ஆகும்? சில்வண்டுக்குப் பிறகு சைக்கிள் மணி போயிற்று. பிறகு டெலிபோன். பிறகு பேச்சில் பாதி. மெல்லிய சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், தடித்த சத்தம் மட்டும் மிஞ்சியது. எஞ்சின் தட்டுவது, முட்டுவது, இருமுவது எல்லாம் தடித்த சத்தம்தான். அதனால் தொழில் ஓடியது, விரலும் வழக்கம்போல நிமிர்ந்தது. ஒருவரோடு பேசும்போது அவர் வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஷெட்டில் சுவர் ஓரமாக, யாரும் பின்னால் வர முடியாத இடத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். புரிந்தாலும் புரியாவிட்டாலும் சொல்வதற்கு ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டார்: "சரி, சரி."

வடிவம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம் என்று கெஞ்சிப் பார்த்தாள். "காது டாக்டர் வாசல்ல என்னை எவனாவது பாத்துத் தொலைச்சான்னா விடியதுக்குள்ள பைபாஸ் பூரா சிரிக்கும்" என்று அவளை அடக்கிவிட்டார். எப்படிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் சொல்லிக் கொடுத்த சிரிப்புதானே அது.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் முக்கூடல் கோமதிசங்கர் வந்தார். தாத்தா காலத்தில் ஆற்றோரம் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல் வைத்திருந்த குடும்பம். இப்போது ஒரு ரைஸ் மில், நாலு லாரி, புதிதாக ஒரு டீசல் கார். கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்த கார்தான்; எஞ்சின் விடுகிற புகையிலேயே சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே திணித்து வேகம் கூட்டுகிற சாமான் அது. ஆனால் அம்பாசமுத்திரம் ரோட்டில் அவருடைய சகலை கார் அதை முந்திப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி விஜயஸ்ரீ, அந்தக் காரில் போன தங்கச்சியைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவரோடு கூட வந்தவன் மேலப்பாளையம் ஹாஜா. முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயது இருக்கும். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் டர்போ வேலை மட்டுமே பார்த்தவன். லீவில் வந்தபோது, அங்கே பழைய சாமான் சந்தையில் பொறுக்கி எடுத்த ஒரு பெரிய டர்போவைக் கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அதைத்தான் கோமதிசங்கர் கண்டுபிடித்துவிட்டார்.

ஹாஜாவுக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. அவன் மகள் ஹம்னாவுக்கு ஐந்து வயது. வந்து இறங்கிய அன்றைக்கு அது உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு "இது யாரு?" என்று கேட்டதாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை. தை மாதக் கடைசியில் லீவு முடிகிறது. கோமதிசங்கர் வாக்குக் கொடுத்திருந்தார்: "இந்த வண்டி நான் நெனைக்க மாதிரி ஓடிச்சுன்னா பைபாஸ் ஓரத்துல நம்ம ஷெட் ஒண்ணு சும்மா கெடக்கு, நீ வச்சுக்கோ. ஒரு எடத்துக்கும் போகாண்டாம்."

பிறகு பிச்சைக்கண்ணு பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, கை வைக்கது ஹாஜா, காது வைக்கது நீரு. நீரு சரின்னு சொல்லாம வண்டி ரோட்டுல எறங்காது" என்றார். பிச்சைக்கண்ணு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சரி" என்றார்.

பழைய டர்போவைக் கழற்றி இதை ஏற்றுவதற்கு ஆறு நாள் ஆயிற்று. புதிய டர்போவின் வாய்க்கும் எஞ்சினின் வாய்க்கும் பொருந்தவில்லை. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து, துளை போட்டு, இரண்டு பக்கமும் கேஸ்கட் வைத்து இறுக்கினார்கள். சைலன்சர் குழாயை வெட்டி வேறு பக்கமாக வளைத்துப் பற்றவைத்தார்கள். ஹாஜா அந்த டர்போவின் வயிற்றைத் திறந்து காட்டினான். சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் தகடுகள், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புகிறவை.

"மத்த டர்போவுல இது கெடையாது அண்ணாச்சி. புகை கம்மியா வரும்போது இந்தத் தகடெல்லாம் ஒடுங்கிக்கிடும். கூட வரும்போது விரிஞ்சிரும். அதான்..." என்று எப்படி விளக்குவது என்று தெரியாமல் நிறுத்தினான்.

பிச்சைக்கண்ணு அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மடை" என்றார். "கால்வாயில தண்ணி கம்மியா வருதா, மடைப்பலகைய எறக்கி வழியச் சுருக்கு. கொஞ்சத் தண்ணிதான், ஆனா பாஞ்சுக்கிட்டுப் போகும். தண்ணி கூடிட்டா பலகையத் தூக்கிரு. இல்லாட்டா கரைய உடைச்சுரும். அதானலே?"

ஹாஜா வாயைப் பிளந்தான். ஷார்ஜாவில் மூன்று மாதம் படித்ததை இந்த மனுஷன் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, நீரு பெரிய ஆளுவே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிச்சைக்கண்ணுவுக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. "நீ நம்ம பயலே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வாங்கினவன் பைபாஸில் வேறு எவனும் இல்லை. ஹாஜா அதை வீட்டில் போய் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான், பாவம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பேச்சு இடித்தது. டர்போவின் அச்சுக்கு எஞ்சினிலிருந்து எண்ணெய் கொண்டுபோக ஒரு சின்னக் குழாய் உண்டு. பழைய குழாய் ஒல்லி, பெரிய டர்போவுக்குப் பத்தாது, புதிதாகத் தடிப்பாகப் போடுவோம் என்றான் ஹாஜா. அவன் அப்போது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னான். பிச்சைக்கண்ணுவுக்கு வாய் தெரியவில்லை. "சரி, சரி" என்று சொல்லிவிட்டு, பழைய குழாயையே வளைத்து, இடத்துக்குத் தக்கபடி மடக்கி மாட்டிவிட்டார். பிறகு ஹாஜா பார்த்துவிட்டுக் கேட்டபோது, "போதும்லே, எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஏழாம் நாள் காலை வண்டியை முடுக்கினார்கள். கோமதிசங்கர் ஸ்டியரிங்கில் இருந்தார். ஷெட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், பக்கத்துப் பஞ்சர் கடைச் சிவசண்முகம் முதற்கொண்டு. எஞ்சின் வேகம் ஏற ஏற, டர்போ விசிலடித்தது. கூட்டம் ஆகா என்றது. கோமதிசங்கர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஹாஜாவின் முகம் மட்டும் மாறியது. பானட்டுக்குள் குனிந்தான். "மொதலாளி, நிப்பாட்டுங்க. விசிலுக்குள்ள இன்னொரு சத்தம் வருது. கீச்சு கீச்சுன்னு. ஒருக்காத் தெறந்து பாத்துருவோம்."

"விசில் எனக்கும் கேக்கத்தான் செய்யுது. நல்ல விசிலா கெட்ட விசிலான்னு அண்ணாச்சி சொல்லட்டும்" என்றார் கோமதிசங்கர்.

பிச்சைக்கண்ணு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டர்போவின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கண்ணை மூடினார். எஞ்சின் கீழே அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை. விசில் என்கிறார்களே, அந்த விசிலே இல்லை. பதினைந்து பேர் கேட்கிற சத்தம் அவர் ஒருத்தருக்குக் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவரிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள்.

'திறந்து பார்ப்போம்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஆனால் என்ன சத்தம், எந்தப் பக்கம் என்று அந்தப் பயல் கேட்டுவிட்டால்? பதில் ஏது? கண்ணைத் திறந்தார்.

"நல்ல விசில்தான். பெரிய டர்போன்னா விசிலடிக்கத்தான் செய்யும். கல்யாண வீட்டுல நாயனச் சத்தம் கேக்குதேன்னு எவனாவது பயந்து ஓடுவானாவே?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் ருசி அவரை விடவில்லை. ஹாஜாவின் தோளில் தட்டி, "கழுதைக்குங்கூட ரெண்டு காது இருக்குலே" என்றார். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

ஹாஜாவுக்குக் கோபம் வரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவர் ரோட்டைக் கடக்கும்போது, ஒரு பால்காரர் பின்னாலிருந்து மணியை அடித்துக்கொண்டே வந்தார். பிச்சைக்கண்ணு நகரவில்லை. சைக்கிள் இடித்த பிறகுதான் திரும்பினார். ஹாஜா அதைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலை ஷெட்டுக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, பைய, வாயை நன்றாக அசைத்துப் பேசினான்.

"அண்ணாச்சி, எங்க ஒர்க்‌ஷாப்புலயும் ஒருத்தருக்கு இப்படித்தான். எஞ்சின் பக்கத்துல அத்தன வருசம் நின்னா யாருக்கும் வரும். இதுல கேவலம் ஒண்ணும் இல்ல. அல்லா மேல சத்தியமா நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். நீரே மொதலாளிட்டச் சொல்லும், யோசிச்சுப் பாத்தேன், ஒருக்காத் தெறந்துருவோம்னு. உம்ம காது சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு அந்த வண்டி நல்லா ஓடணும், அவ்வளவுதான்."

எப்பேர்ப்பட்ட மனசு! கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்க வேண்டும். பிச்சைக்கண்ணுவுக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெரிந்துவிட்டது, ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குச் சத்தியம் பண்ணுவான், நாளைக்கு ஷெட் கிடைத்த பிறகு, எதிர் ஷெட்காரனாக உட்கார்ந்துகொண்டு சும்மா இருப்பானா? தான் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்வோம் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவுகோலால்தான் அவனை அளந்தார்.

"எவனுக்குலே காது கேக்காது?" என்று டீயைக் கீழே கொட்டினார். "சவத்து மூதி, எந்திச்சுப் போலே."

அன்றைக்கே பஸ் ஏறி முக்கூடல் மில்லுக்குப் போனார். "மொதலாளி, அந்தப் பயலுக்கு மாட்டத் தெரிஞ்ச அளவுக்கு வேலை தெரியாது. மாட்டிட்டு இப்ப முழிக்கான். தெறக்க விட்டீயன்னா கெடுத்துப்புடுவான். நான் சொல்லுதேன், வண்டி தங்கம்" என்றார். "நீரு சொன்னாப் போதும் அண்ணாச்சி" என்றார் கோமதிசங்கர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபநாசம் மலையேறிக் காரையாறு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை பிச்சைக்கண்ணு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மரியாதைக்குரிய இடம். ஹாஜா ஒரு பலகையை, ஜாக்கிக்கு அடியில் போடுகிற தடித்த பலகையை, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு அவர் முதுகுப் பக்கம் போய்ப் பின் கதவைத் திறந்தபடியே சொன்னான்: "எஞ்சின் பிடிவிட்டு ஓட ஆரம்பிச்சுட்டுன்னா காத்து இழுக்க வாயை இத வச்சுத்தான் அடைக்கணும் அண்ணாச்சி. கைக்கு எட்டுத மாதிரி கெடக்கட்டும்."

"சரி, சரி" என்றார் பிச்சைக்கண்ணு. கோமதிசங்கர் அப்போது இன்னும் டீக்கடையில்தான் இருந்தார்.

வண்டி பறந்தது, பொய் சொல்லக்கூடாது. சேரன்மகாதேவி தாண்டி, கல்லிடைக்குறிச்சி தாண்டி, முன்னால் போன அத்தனை வண்டியையும் முந்தியது. கோமதிசங்கர் சின்னப்பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு ஓட்டினார். பிச்சைக்கண்ணு பலகையின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் கையை விட்டிருந்தார். ஹாஜா பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, வழி பூராவும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தான். விக்கிரமசிங்கபுரத்தில் தாங்க மாட்டாமல், "மொதலாளி, பைய போங்க. சத்தம் கூடுது. மலை ஏறாண்டாம்" என்றான்.

கோமதிசங்கர் பிச்சைக்கண்ணுவைப் பார்த்து, "அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?" என்றார்.

அவன் என்ன சொன்னான் என்று பிச்சைக்கண்ணுவுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டார். "ஏத்தத்துலதான் மிதிச்சுப் பாக்கணும். நல்லா மிதியும்" என்றார்.

மிதித்தார். செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் ரோடு தெரியாமல் நீலப் புகை. எஞ்சின், யாரும் மிதிக்காமலேயே, வேகம் எடுத்தது. கோமதிசங்கர் கியரை எடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கினார். சாவி கையோடு வந்துவிட்டது, எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. "வெடிக்கப்போகுதுவே!" என்று கதவைத் திறந்து கீழ்நோக்கி ஓடியே போய்விட்டார்.

பிச்சைக்கண்ணு ஸ்பேனரோடு குதித்துப் பானட்டைத் தூக்கினார். லாரியில் இந்த மாதிரி பார்த்திருக்கிறார், பம்ப் மாட்டிக்கொண்டால் ஓடும். டீசல் குழாயைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும். கழற்றினார். டீசல் ரோட்டில் கொட்டியது. எஞ்சின் நிற்கவில்லை. அது இப்போது டீசலைக் குடிக்கவில்லை. டர்போவின் அச்சு தேய்ந்து, அந்த வழியாகத் தன் எண்ணெயையே உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் திறந்து கிடந்த முன் கதவுப் பக்கம் வந்து நின்றார். பலகை கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

ஹாஜா அந்தப் பக்கம் நின்று, காற்று போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தான். டர்போவின் வாய் திறந்து கிடந்தது. பிச்சைக்கண்ணுவைப் பார்த்துக் கத்தினான்.

"பலக! அண்ணாச்சி, பலக!"

புகை வழியே அந்த வாய் திறந்து மூடுவதைப் பிச்சைக்கண்ணு பார்த்தார். வெலக. வெலகச் சொல்கிறான். இவ்வளவு பேசின பிறகும் நம்மேல் இந்தப் பயலுக்குப் பாசம் என்று நினைத்தார். ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"பலக! பலக!"

"சரி, சரி" என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் இரண்டு எட்டு விலகி நின்றார்.

ஹாஜா சட்டையைக் கிழித்துச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து அந்த வாயை அடைத்தான். டர்போ முதலில் சட்டையை இழுத்தது. பிறகு கையை இழுத்தது. எஞ்சின் இரண்டு தடவை திணறி நின்றது. ஹாஜாவின் வாய் திறந்திருந்தது. அவன் போட்ட கூச்சல், அடித்தொண்டைக்கு இறங்கிய பிறகுதான் பிச்சைக்கண்ணுவுக்குக் கேட்டது.

ஐகிரவுண்டில் வலது கையில் மூன்று விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கோமதிசங்கர், "நீரு பக்கத்துலதான நின்னீரு?" என்று கேட்டார். "வெலகச் சொன்னான், வெலகிட்டேன்" என்றார் பிச்சைக்கண்ணு. அவரைப் பொறுத்தமட்டில் அது உண்மை. வயசான மனுஷனை விலகச் சொல்லிவிட்டுத் தன் கையைக் கொடுத்தான் என்று பைபாஸில் இரண்டு நாள் ஹாஜாவைப் புகழ்ந்தார்கள்.

மூன்றாம் நாள், மலையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்ததும், பிச்சைக்கண்ணு ஷெட்டை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு டர்போவைத் தனியாகப் பிரித்தார். அச்சு வெந்து நீலம் பாரித்துக் கிடந்தது. எண்ணெய் போதாமல் வெந்திருக்கிறது. குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். அவர் மடக்கிய இடத்தில் நசுங்கி, காற்று இழையாகத்தான் போயிற்று. பிறகு பழைய இரும்புக் கூடையில், மற்ற சாமான்களுக்கு அடியில், அதைச் செருகிவிட்டார். கோமதிசங்கர் வந்ததும் வெந்த அச்சைக் காட்டினார்.

"பாலைவனத்து மண்ணு தின்ன சாமான் மொதலாளி. கம்பளியில சுத்திக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டான். எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுது."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை. காது அண்ணாச்சியை யார் கேட்பது? பைபாஸ் ஓரத்து ஷெட் பஞ்சர் கடைச் சிவசண்முகத்துக்குப் போயிற்று. தை கடைசியில் ஹாஜாவின் லீவும் முடிந்தது. மூன்று விரல் இல்லாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு ஷார்ஜாக்காரன் என்ன செய்வான்?

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க, நாலு பேரு கேக்காக" என்று வடிவம்மாள் நச்சரித்துத்தான் மாசியில் ஒருநாள் பிச்சைக்கண்ணு மேலப்பாளையத்துக்குப் போனார். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். ஜன்னத்துல் பிர்தௌஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே, இருங்க" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஹாஜா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹம்னா தரையில் சிலேட்டை வைத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வாப்பாவின் காலில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

ஹாஜா பேச ஆரம்பித்தான். பிச்சைக்கண்ணு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு, நிறுத்துகிற இடத்தில் எல்லாம் தலையை ஆட்டினார். "சரி தம்பி." அவன் மேலும் ஏதோ சொன்னான். "சரியாயிரும் தம்பி, சரியாயிரும்." அவன் முகத்தில் கோபம் இல்லை. நன்றாகத்தான் பேசுகிறான் என்று பிச்சைக்கண்ணுவுக்கு நிம்மதியாக இருந்தது. "சரி, சரி" என்றார் மறுபடியும்.

ஹம்னா நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தாள். எழுந்து போய் அவன் வாய்க்குப் பக்கத்தில் தன் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு பிச்சைக்கண்ணு பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போதுதான் பிச்சைக்கண்ணுவுக்குப் புரிந்தது. அவன் சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். இத்தனை நேரமும் வெறும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இவர் சரி, சரி என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஹாஜா சிரிக்கவில்லை. மகளின் சிலேட்டை வாங்கி மடியில் வைத்து, இடது கையால் குச்சியைப் பிடித்து எழுதினான். ரொம்ப நேரம் ஆயிற்று. மூன்றே எழுத்து, கோணல் மாணலாக. எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

பலகை.

பிச்சைக்கண்ணு அதைப் படித்தார். காலடியில் கிடந்த பலகை. அதன் மேல் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு பாபநாசம் வரைக்கும் போனது. புகைக்கு நடுவே திறந்து மூடிய அந்த வாய். பின்னால் வைத்த மூன்று எட்டு. நான் பாவி, நான் பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து அதை ஒரு தடவை வெளியே சொல்லியிருந்தால்கூடப் போதும், அவன் கேட்டிருப்பான். அவனுக்குத்தான் நல்ல காது ஆயிற்றே.

உள்ளே டம்ளர் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் கதவுத் திரை அசைவது கண்ணில் பட்டது. ஜன்னத்துல் பிர்தௌஸ் டீயோடு வந்துகொண்டிருந்தாள். பிச்சைக்கண்ணு சட்டென்று கையை நக்கி ஈரமாக்கி, சிலேட்டில் வைத்துத் தேய்த்தார். ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. அதையும் தேய்த்தார். ஹாஜா தடுக்கவில்லை.

"தாத்தா, வாப்பா எழுதினத எதுக்கு அழிச்சீங்க?" என்று ஹம்னா கேட்டாள்.

பிச்சைக்கண்ணு அவள் வாயைப் பார்த்தார்.

"சரி ராசாத்தி, சரி" என்றார்.